ஈரம் என்று எழுதிய மூன்று நாட்கள்

ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி. அதற்குள் ஊசி வைத்த மீற்றர், மோட்டார் சைக்கிள் பற்றறி, சிவப்பிலும் கறுப்பிலும் வயர்கள், இவற்றுக்கு நடுவில் விரல் நகமளவு வெள்ளைச் சில்லு ஒன்று. எண்பதுகளின் நடுப்பகுதியில் இப்படி ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பட்டணத்திலிருந்து எங்கள் வேலணைத் தீவுக்கு பஸ்ஸில் போன ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். துணிச்சல்காரி என்று யாரும் எண்ண வேண்டாம். பஸ் பண்ணைப் பாலத்துக் காவலரணை நெருங்கும்போதே பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிற எவனுக்கும் அது குண்டாகத்தான் தெரியும். எனக்கே அது அப்படித்தான் தெரிந்தது.

சோதனைக்கு எல்லோரையும் இறக்கினார்கள். என் முறை வந்ததும் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்தான், இரண்டடி பின்னால் போனான், துவக்கை நிமிர்த்தினான். சிங்களத்தில் ஏதோ கத்தினான். எனக்கு வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான். "வெதர், வெதர்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. சில்லைத் தூக்கி, மூக்குக் கண்ணாடி துடைப்பதற்கு ஊதுகிற மாதிரி அதன்மேல் ஒரு மூச்சு விட்டேன். மீற்றரின் ஊசி சட்டென்று வலப்பக்கம் ஓடிப்போய், மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு குனிந்து தானும் ஒரு மூச்சு விட்டான். ஊசி ஓடியது. இன்னொன்று விட்டான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. சிரித்துவிட்டான். போ என்று கையைக் காட்டினான். பஸ்ஸில் திரும்ப ஏறி இருந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த மனுசி, "பிள்ளை, உதென்ன சாமான்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை அன்ரி" என்றேன்.

ஒன்றுமில்லை என்றது பொய். என் வாழ்க்கையில் இரண்டு வருடம் அந்தச் சில்லோடு போயிருந்தது. வெள்ளீய ஒட்சைட்டு என்கிற பொடியைக் குழைத்து, பீங்கான் துண்டில் மெல்லிய படலமாகப் பூசி, உலையில் சுட்டு எடுத்தது அது. வெறுங்கண்ணுக்குச் சுண்ணாம்பு பூசினது போலிருக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பிட்டுத்தான்: சின்னச் சின்ன மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடையிடையே வெளி விட்டுக்கொண்டு கிடக்கும். அந்த இடைவெளிகளுக்குள் காற்றுப் போய் வரும். காற்றிலுள்ள ஒட்சிசன் மணிகளின் மேல் ஏறி இருந்துகொண்டு மின்னோட்டத்தைத் தடுத்து வைக்கும். ஊசி இடப்பக்கத்தில் பேசாமல் கிடக்கும். கரி எரியும்போது வருகிற காபனோரொட்சைட்டு மாதிரி ஒரு வாயு வந்தால், அது அந்த ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், மின்னோட்டம் விடுபடும், ஊசி வலப்பக்கம் ஓடும். நிறமும் இல்லாத மணமும் இல்லாத ஒரு நஞ்சை ஊசி காட்டிக்கொடுக்கும். அதுதான் என் ஆராய்ச்சி. சில்லு சூடாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் அதன் அடியில் ஒரு கம்பிச்சுருள் இருந்தது. பற்றறி அதற்குத்தான்.

இதைக் கெடுத்தது ஈரம். நீராவியும் அதே இடைவெளிகளுக்குள் புகும், ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் தான் குந்திக்கொள்ளும், ஊசியை அதே வலப்பக்கம் ஓட வைக்கும். உள்ளே வந்தது யார் என்று ஊசிக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியாமல் இருந்த காலத்தில் ஒருநாள் ஆய்வுகூடத்தில் ஊசி எகிறியது. காஸ், காஸ் என்று நான் கத்தின கத்தில் கட்டடம் முழுவதும் வெளியே ஓடியது. விரிவுரையாளர்கள், மாணவர்கள், கந்தோர் ஆட்கள் எல்லோரும் அரை மணித்தியாலம் மழையில் நனைந்தார்கள். காஸும் இல்லை, ஒன்றும் இல்லை. மழை பெய்ததால் காற்றில் ஈரம் கூடியிருந்தது, அவ்வளவுதான். எனக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் தலையைத் துவட்டிக்கொண்டே, "மழை பெய்யுது எண்டு அறிவிச்சதுக்கு நன்றி பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு பெடியங்களுக்கு நான் மழைப்பெட்டிக்காரி; என்னைக் கண்டால் வெயிலிலும் குடையை விரித்துக் காட்டுவார்கள். மானம் போய்விட்டது. நிச்சயமாகத் தெரியாமல் இனி வாய் திறப்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த முடிவு எவ்வளவு மோசமானது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பேராசிரியர் என் தலைப்பையே மாற்றிவிட்டார். "வாயுவை விடும். ஈரம் உந்தப் படலத்தை என்ன செய்யுது எண்டு பாரும். அதைத் திருத்தாமல் உதாலை ஒரு பிரயோசனமும் இல்லை" என்றார். அந்த மாரியில் கோட்டைப் பக்கத்துச் சண்டையால் பல்கலைக்கழகம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. "வீட்டை கொண்டுபோம். உம்மடை தீவிலை ஈரத்துக்கு என்ன குறை? காலை, மத்தியானம், பின்னேரம் எண்டு வாசிப்பு எடும்" என்று சொல்லி இரண்டு வெப்பமானிகளும் தந்தார். ஒன்று வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் நனைத்த திரி சுற்றியிருக்கும். இரண்டும் கிட்டக்கிட்டக் காட்டினால் காற்றில் ஈரம் கூட; விலகிக் காட்டினால் காற்று காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவற்றை விறாந்தைச் சுவரில் தொங்கவிட்டேன். பெட்டியை ஹோல் மேசையில் வைத்தேன். முதல் இரண்டு கிழமை வெப்பமானி சொன்னதைச் சில்லும் அப்படியே சொன்னது. கொப்பியில் வளைகோடு வழுவழுவென்று போயிற்று. எனக்கு அந்தக் கோட்டில் ஒரு பெருமை வந்துவிட்டது.

மூன்றாம் கிழமை அக்கா பிள்ளைப்பெற்று வீட்டுக்கு வந்தாள். பெண்பிள்ளை. அத்தான் கொழும்பில் வேலை. பாதை சரியில்லாததால் வர முடியவில்லை. அப்பா முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அம்மா, அக்கா, நான், இந்தச் சின்னஞ்சிறு உயிர். அக்காவுக்கு நடு அறையைக் கொடுத்தோம். கடல் பக்கமிருந்து ஷெல் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த அறைக்கு ஒரே ஒரு யன்னல். அதையும் சாத்தி, வெளியே மண்மூட்டை அடுக்கியிருந்தோம். வாடைக்காற்று புகாமல் இருக்கக் கதவின் கீழ் ஒரு சாக்கைச் சுருட்டி வைத்தார் அம்மா. அறைக்குள் ஒரு தணல் சட்டி. சிரட்டையை எரித்துத் தணலாக்கிச் சட்டியில் போட்டு உள்ளே வைப்பது. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் சூடு வேண்டும், சாம்பிராணி போட வேண்டும், மாரியில் காயாத பிள்ளைத் துணிகளை அதற்கு மேல் கொடி கட்டிக் காயவைக்க வேண்டும். பிள்ளைப்பெற்ற எந்த வீட்டிலும் இருப்பதுதான்.

அம்மாவுக்கு ஈரம் என்றால் சாவுப்பயம். அதற்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கு முன்னால் அவருக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து, இதேபோல ஒரு மாரியில், முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிக்க முன்பே செத்துப்போனது. ஈரம் நெஞ்சில் இறங்கிச் சளி கட்டினது என்று சொன்னார்களாம். அந்தப் பிள்ளையைப் பற்றி அம்மா கதைக்கமாட்டார். ஆனால் மழை இருண்டால் போதும், தணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

பிள்ளைப்பெற்ற தீட்டான துடக்கு என்பதால் அந்த அறைக்குள் போய் வந்தால் தோய்ந்துவிட்டுத்தான் மற்றச் சாமான்களைத் தொட வேண்டும். மாரிக் குளிரில் ஒவ்வொரு முறையும் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்ற என்னால் ஏலாது. அதைவிட, உள்ளே கொண்டுபோன எந்தச் சாமானும் முப்பத்தொன்று கழியும்வரை வெளியே வரக்கூடாது. ஆகவே பெட்டியையோ வெப்பமானியையோ உள்ளே கொண்டுபோகிற யோசனையே எனக்கு வரவில்லை. நான் கதவடியில் நின்று அக்காவோடு கதைப்பேன். தணல் சட்டியைக் கதவடியில் வைத்துத் தள்ளிவிடுவேன். தணலை ஊதிப் பிடித்துக் கொடுத்தது பெரும்பாலும் நான்தான்.

அக்கா வந்த இரண்டாம் நாள் ஊசி குழப்படி செய்யத் தொடங்கியது. என் மேசை அந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில். கதவு திறக்கும் போதெல்லாம் ஊசி வலப்பக்கம் ஓடியது. நான் யோசிக்கவேயில்லை. உள்ளே ஒரு கொடி நிறைய ஈரத்துணி தணலுக்கு மேல் ஆவி பறந்துகொண்டு கிடக்கிறது. கதவு திறந்தால் அந்த ஈரம் வெளியே வராமல் வேறென்ன செய்யும்? வாசிப்புக்குப் பக்கத்தில் "ஈரம் - பிள்ளைத் துணி" என்று எழுதினேன். அன்று பின்னேரமும் அதையே எழுதினேன். மழைப்பெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

அடுத்த நாள் காலையில் அக்கா தலையிடிக்கிறது என்றாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "தலையிலை ஈரம் நிண்டிருக்கு. நேற்றுத் தோய வார்த்தது காயேல்லை" என்று சொல்லி இன்னும் ஒரு சட்டித் தணல் வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். ஊசி முன்தினத்தைவிடக் கூட ஓடியது. ஈரம் என்று எழுதினேன். அன்று மத்தியானம் அம்மா சந்தோஷமாகச் சொன்னார்: "பாரடி, கொக்காவுக்குக் கன்னம் சிவந்திருக்கு. பத்தியம் உடம்பிலை பிடிச்சிட்டுது." கதவடியில் நின்று நானும் எட்டிப் பார்த்தேன். அக்கா நல்ல நிறமாகத்தான் இருந்தாள். குழந்தை நித்திரை. அது அழுவதே குறைந்துவிட்டது. நல்ல பிள்ளை, தாயைக் கஷ்டப்படுத்தாத பிள்ளை என்று பேசிக்கொண்டோம்.

அன்று பின்னேரம் மழை விட்டு வெயில் எறித்தது. விறாந்தையில் இரண்டு வெப்பமானிகளும் நன்றாக விலகியிருந்தன. காற்று காய்ந்திருக்கிறது. ஆனால் ஊசி இறங்கவில்லை, இன்னும் ஏறியது. என் வளைகோட்டில் இந்தப் புள்ளிகளை வைத்தால் கோடு கிறுக்குப் பிடித்ததுபோல மேலே எழும்பியது. எனக்கு வந்தது சந்தேகம் அல்ல, கோபம். இரண்டு கிழமை ஒழுங்காக இருந்த கோட்டை இந்தத் தரித்திரம் பிடித்த சில்லு நாசமாக்குகிறதே என்று. அழிறப்பரை எடுத்தேன். இரண்டு நாள் வாசிப்புகளையும் அழித்தேன். வளைகோடு எந்த எண்ணைக் கேட்டதோ அந்த எண்ணை எழுதினேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் மிச்சம் எல்லாம் பொய்யாகிவிடும்.

மூன்றாம் நாள் காலை அக்கா குடித்த கஞ்சியையும் சத்தி எடுத்தாள். கதவடிக்குச் சாய்ந்து சாய்ந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னெண்டு தெரியேல்லையடி, தலை பாரமாக் கிடக்கு. பிள்ளையும் பால் குடிக்குதில்லை." என் மேசையைப் பார்த்தாள். பகிடி விடுகிற குரலில்தான் கேட்டாள். "உன்ரை பெட்டி என்ன சொல்லுது?"

"ஈரமெண்டு சொல்லுது" என்றேன்.

"அம்மாவும் அதைத்தானே சொல்லுறா" என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் படுத்தாள். அம்மா அடுப்படியிலிருந்து, "தணலைப் போடு பிள்ளை" என்றார். நான் போட்டேன். நல்ல சிவந்த தணல், சட்டி நிறைய.

அரை மணித்தியாலத்துக்குள் ஊசி மீற்றரின் வலது முனையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே வெயில். படலம் ஈரத்தில் ஊறிப் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். ஈரத்தில் நெடுநாள் கிடந்தால் படலம் மழுங்கிவிடும் என்று படித்திருந்தேன். என் ஆராய்ச்சி போயிற்று என்ற பயம் பிடித்துக்கொண்டது. அப்போது எனக்கு இருந்த பயம் அதுதான், வேறு எதற்கும் இல்லை. பழுதுதான் என்று நிச்சயமாக்க ஒரு வழி இருந்தது. சில்லைக் காயவைத்திருப்பதற்கென்று ஆய்வுகூடத்திலிருந்து ஒரு போத்தலில் நீலக் கற்கள் கொண்டுவந்திருந்தேன். அவை ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சி முடிந்தால் இளஞ்சிவப்பாக மாறும். கற்களை ஒரு றபர்க் குழாயில் அடைத்தேன். சைக்கிள் பம்பை எடுத்தேன். முதலில் முற்றத்தில் நின்று பம்புக்குள் காற்றை இழுத்து, கற்களின் ஊடாகச் சில்லின் மேல் மெதுவாக அடித்தேன். ஊசி இறங்கி இடப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. நல்லது, படலம் பழுதில்லை. பிறகு அறைக் கதவைச் சற்று நீக்கி, பம்பை உள்ளே நீட்டி, அறைக் காற்றை இழுத்து, அதையும் கற்களின் ஊடாக அடித்தேன். ஈரம் எல்லாம் கற்களில் நின்றுவிடும். காய்ந்த காற்றுக்கு ஊசி அசையக்கூடாது.

ஊசி ஓடிப்போய் முனையில் முட்டியது.

கற்கள் முடிந்துவிட்டன என்று நினைத்தேன். குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நீலமாகவே இருந்தன. இன்னொரு முறை அடித்தேன். மறுபடியும் முட்டியது. ஈரம் இல்லை. ஈரம் இல்லையென்றால் வந்தது யார்? அக்கா போய்ப் படுத்த பிறகு அந்த அறைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தமும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அக்கா!" என்று கத்தினேன். பதில் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். "எடியே, தோயாமல் என்ன செய்யிறாய்!" என்று அம்மா பின்னால் கத்தியது கேட்டது. அக்கா வாயைத் திறந்தபடி கிடந்தாள், கன்னம் சிவந்து, கண் பாதி திறந்து. உலுக்கினேன். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. குழந்தையை அள்ளி அம்மாவின் கையில் எறிந்தேன், எறிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். "வெளியாலை கொண்டு போங்கோ! காத்துக்குக் கொண்டு போங்கோ!" அக்காவைத் தூக்க ஏலவில்லை. பாயோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். நிலைப்படியில் பாய் சிக்கியது. பாய் கிழிந்தது. அவளைக் கையில் பிடித்து, கை முறிந்தாலும் பரவாயில்லை என்று இழுத்து விறாந்தையில் கொண்டுவந்து போட்டேன். எனக்கே தலை சுற்றிக் கண் இருட்டியது.

அம்மா குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றார். அது துணிப்பொட்டலம்போலத் தொங்கியது. மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்த நேரத்திலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹோலுக்குள் ஓடினேன், பெட்டியை எடுக்க. மூச்சின் ஈரத்துக்கு ஊசி ஓடும் அல்லவா, ஆமிக்காரனின் மூச்சுக்கு ஓடினதே, பிள்ளையின் மூக்கடியில் பிடித்துப் பார்க்கலாம் என்று. பெட்டியோடு திரும்பி வந்தால், அம்மா குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் விரலால் சுண்டிக்கொண்டிருந்தார். சுண்டு, சுண்டு, சுண்டு என்று. பிறகு ஒரு தும்மல் மாதிரி வந்தது. பிறகு ஒரு அழுகை, பூனைக்குட்டிச் சத்தம். என் கையிலிருந்த பெட்டி நிலத்தில் விழுந்தது. அதை எடுக்க நான் குனியவில்லை.

அக்கா கண்ணைத் திறக்க இன்னும் நேரம் எடுத்தது. திறந்து சத்தி எடுத்தாள். எங்களை யாரென்று தெரியாமல் பார்த்தாள். அன்று மத்தியானம் கடல் பக்கமிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பயந்துதான் யன்னலைச் சாத்தி மூட்டை அடுக்கினோம். இப்போது அந்த அறைக்குள் போகப் பயம், விறாந்தையில் இருக்கப் பயம். நாலு பேரும் சுவரோடு ஒட்டி விறாந்தையிலேயே இருந்தோம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா குழந்தையின் மேல் கவிழ்ந்தார். நான் அக்காவின் மூக்கடியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு சூடாக, ஈரமாகக் கையில் பட்டது.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு அண்ணை தன் தட்டிவான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டொக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மணித்தியாலம் அந்த அறைக்குள் கிடந்திருந்தால் தன்னிடம் கொண்டுவந்திருக்கத் தேவையில்லை என்றார். பிள்ளையின் மூளைக்கு ஏதும் நடந்திருக்குமா என்று கேட்டேன். "வளர வளரத்தான் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தணல் சட்டியைக் கொண்டுபோய் வேலிக்கரையில் கவிழ்த்தார். எதனால் இப்படி ஆனது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தணலில் சூடு மட்டும் வருவதில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் வருகிறது, காற்றுப் போகாத அறையில் அது நின்றுவிடும் என்று. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப அவன்..." என்றார். அவ்வளவுதான். யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆண்பிள்ளையின் அறையிலும் தணல் சட்டி இருந்திருக்கும், அம்மாவே வைத்திருப்பார்.

"அது சளியம்மா. டொக்டர்மார் சொன்னவைதானே" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோலச் சொன்னேன். அம்மா அதன்பிறகு சாகும்வரை வீட்டுக்குள் சாம்பிராணிகூடப் போடவில்லை.

ஊரில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். அக்கா வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும், "என்ரை தங்கச்சி இல்லாட்டி நானும் பிள்ளையும் இண்டைக்கு இல்லை. அவளின்ரை பெட்டிதான் காட்டினது" என்று சொன்னாள். ஒவ்வொரு முறை அவள் அதைச் சொல்லும்போதும் எனக்குக் கொப்பியின் நினைவு வரும். அழிறப்பர் எழுத்தைத்தான் அழித்தது. பென்சில் அழுத்தின தடம் அப்படியே கிடந்தது. தாளைச் சரித்துப் பிடித்தால் இரண்டு நாள் எண்களையும் படிக்கலாம். முதல் நாளே ஊசி சொல்லியிருந்தது. ஆய்வறிக்கையில் அந்த எண்களைத் திரும்ப எழுதி, மூன்று நாளையும் முழுதாகப் போட்டேன். பேராசிரியரிடம் அழித்ததையும் ஒப்புக்கொண்டேன். அவர் தாளைச் சரித்துச் சரித்துப் பார்த்தார். ஆனால் அக்காவிடம் சொல்லும் தைரியம் வரவில்லை.

அந்தப் பிள்ளை வளர்ந்த ஒவ்வொரு மாதமும் எனக்குப் பரீட்சை மாதிரி இருந்தது. குப்புற விழுந்தாளா, தவழ்ந்தாளா, எழும்பி நின்றாளா. நடை பிந்தியது. மற்றப் பிள்ளைகள் கதைக்கிற வயதில் இவள் கையை நீட்டிக் காட்டுவாள், வாய் திறக்கமாட்டாள். "சில பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும்" என்று அக்கா சிரிப்பாள். நான் சாப்பிடாமல் எழும்பிப் போவேன். அவள் முதன்முதலாக ஒரு முழு வசனம் சொன்ன அன்று நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். அப்போதும் பயம் போகவில்லை.

நாலு வருடம் கழித்துத் தீவை விட்டு எல்லோரும் ஓட வேண்டி வந்தது. கட்டின துணியோடு பாலம் கடந்து வந்து, பட்டணத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பத்தோடு இருந்தோம். மழை தொடங்கிவிட்டது. ஹெலியும் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை அடுக்கி யன்னல்களை மறித்திருந்தார்கள். ஒரு மத்தியானம், வெளியே அடுப்பு மூட்ட முடியாததால், ஒரு தாய் மூலையில் ஒரு தகரத்தில் சிரட்டைத் தணல் வைத்துப் பிள்ளைக்குப் பால் காய்ச்சினாள். நான் அந்தத் தணலைப் பார்த்தேன். வாய் வரவில்லை. அக்காவின் மகள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

அக்கா எழும்பினாள். ஒருவரையும் கேட்காமல் வாங்குகளை இழுத்து விலக்கி, யன்னலை ஓவென்று திறந்தாள். மழைச் சாரல் உள்ளே அடித்தது. சனம் பேசத் தொடங்கியது. "தங்கச்சி, விசரே உமக்கு? ஷெல் விழுந்தா என்ன செய்யிறது?" என்றார் ஒருவர்.

"ஷெல் எண்டால் சத்தம் கேக்கும் அண்ணை" என்றாள் அக்கா. அடுத்த யன்னலையும் திறந்தாள்.

திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, முதல் நாளே ஊசி காட்டினது. ஈரமெண்டு எழுதினனான். பிறகு அழிச்சும் போட்டன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "எத்தினை நாள்?"

"மூண்டு."

"உன்ரை பெட்டி என்ன சொல்லுதெண்டு கேட்டனான்" என்றாள். குரல் உயரவில்லை. குனிந்து, என் மடியிலிருந்த பிள்ளையை மெதுவாகத் தூக்கினாள். எழும்பிப் போய் யன்னலடியில் இருந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளையைத் தன் மறுபக்கத்தில் வைத்து. என் மடி சட்டென்று குளிர்ந்தது. நான் அங்கேயே இருந்தேன். எழும்பிப் போகவும் பயம், கூப்பிடவும் பயம். மூலையில் பால் பொங்கியது, தாய் இறக்கினாள், தணல் அப்படியே சிவந்துகொண்டு கிடந்தது.

நெடுநேரத்துக்குப் பிறகு அக்கா தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"உங்கை இராதை. இஞ்சாலை வந்து இரு. அங்கை காத்து இல்லை."